கிண்ணம், கடம், குழாயில் சினிமாப் பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவன் நான். பதினோரு வருடமாக அதை உறைபோட்டு மூடிவிட்டு, பீங்கான் கிண்ணம், மண் கடம், பிவிசி குழாய் இவற்றை வைத்துத் தெரிந்த பாட்டுகளை வாசிக்கிறேன். கல்யாண வரவேற்பு, கொலு, பள்ளி ஆண்டு விழா, சில நேரம் கோயில் திருவிழா. மேடையை விட்டு இறங்கினால் நாலு பேர் சுற்றிக்கொள்வார்கள். கேட்பது ஏறக்குறைய அதே கேள்விகள்தான். நின்று பதில் சொல்லி முடிப்பதற்குள் கடைசிப் பந்தியும் எழுந்துவிடுகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

அண்ணே, கவர் பாட்டுன்னா என்ன? ரீமிக்ஸும் அதுவும் ஒண்ணுதானா?

ஒருவர் பாடி வெளியான பாட்டை இன்னொருவர் புதிதாகப் பாடியோ வாசித்தோ தருவது கவர். பழைய ஒலிப்பதிவில் ஒரு துளிகூட அதில் இருக்காது. ரீமிக்ஸ் அப்படியில்லை. பழைய பதிவையே எடுத்து வெட்டி, ஒட்டி, கீழே புது தாளம் சேர்ப்பது அது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ராயல்டி பேச்சு வரும்போது தேவைப்படும்.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரங்க பழக்கம்தானே? நமக்கு எதுக்கு?

பெயர் மட்டும்தான் வெளிநாடு. பழைய பஜனைப் புத்தகம் ஏதாவது வீட்டில் இருந்தால் புரட்டிப் பாருங்கள். பாட்டுக்கு மேலே சின்ன எழுத்தில் ‘இன்ன பாட்டு மெட்டு’ என்று அச்சிட்டிருக்கும். நாடக மேடையிலும் அதே வழக்கம். மாரியம்மன் பாட்டும் ஐயப்பன் பாட்டும் சினிமா மெட்டில் எத்தனை வந்திருக்கின்றன என்று எண்ணி மாளாது.

அதற்கும் முந்திய கதை இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதினார். நோட்டு ஸ்வரம் என்பார்கள். ‘சந்ததம் பாஹிமாம்’ என்ற பாட்டின் மெட்டு இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் கீதத்தின் மெட்டேதான். அம்மன் ஸ்துதியாக அது நம் குழந்தைகள் வாயில் இன்றும் இருக்கிறது. நம் ஊர்க்காரர் மதுரை மணி ஐயர் கச்சேரியில் ‘இங்கிலீஷ் நோட்’ கேட்டுச் சீட்டு வருமாம். அது ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மேற்கத்திய சாயலில் அமைத்தது.

எதை வச்சு ஒரு வாத்தியத்தை வித்தியாசமான வாத்தியம்னு சொல்றீங்க?

காதுக்குப் பழகாத வரைக்கும் வித்தியாசம், அவ்வளவுதான். வயலினே இங்கே வந்தேறி. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத பாட்டுக் கச்சேரி உண்டா? கிளாரினெட்டில் ஏ.கே.சி. நடராஜன், சாக்ஸபோனில் கத்ரி கோபால்நாத், மாண்டலினில் யு. ஸ்ரீநிவாஸ் என்று ஒவ்வொருவரும் முதலில் உட்கார்ந்தபோது சபையில் முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். நான் அந்த வரிசையில் இல்லை, சாமி. நான் கிண்ணத்தில் டூயட் வாசிப்பவன்.

காசு செலவில்லாம ஆரம்பிக்க ஏதாவது இருக்கா?

பூவரச இலை. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். நகரத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். முற்றாத, கொழுந்தும் இல்லாத இலையைக் காம்பு கிள்ளிவிட்டு ஒரு ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டுங்கள். ஒரு பக்கம் சற்று அகலமாக, கூம்பு மாதிரி வரட்டும். ஒடுங்கிய முனையை நகத்தால் நசுக்கித் தட்டையாக்கி உதட்டுக்குள் வைத்து ஊதினால் பீப்பி. நசுங்கிய முனையில் இரண்டு இலை ஓரங்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்கின்றன. நாதஸ்வரத்தின் சீவாளி செய்யும் வேலையும் இதுதான்.

அகலமான முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளினால் சுருதி ஏறும். ஒரு இலையில் ஒரு சுரம்தான் சுத்தமாக வரும் என்பதால், ஆறேழு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஆளுக்கு ஒரு சுரம் கொடுத்தால் ஒரு பல்லவி தேறும். பத்து நிமிடத்தில் இலை வாடிவிடும், பையில் மாற்று இலை வேண்டும்.

கிண்ணத்துல தண்ணி கூட ஊத்தினா சத்தம் ஏறுமா இறங்குமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க

தட்டினால் இறங்கும். ஆளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம், பாட்டிலை ஊதிப் பார்த்தவர்கள் பாதிப்பேர். பாட்டில் வாயில் ஊதும்போது அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. தண்ணீர் ஊற்றினால் காற்றுக்கு இடம் சுருங்கி சுருதி ஏறும். கிண்ணத்தைக் குச்சியால் தட்டும்போது அதிர்வது கிண்ணத்தின் சுவர். தண்ணீர் அந்தச் சுவருக்குச் சுமை. சுமை கூடினால் மெதுவாக அதிரும், சுருதி இறங்கும். ஒரே பாட்டிலை எடுத்து, பாதி தண்ணீர் விட்டு, முதலில் தட்டியும் பிறகு ஊதியும் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் சண்டை தீர்ந்துவிடும்.

இதிலிருந்து ஒரு வேலை விதி வருகிறது. தண்ணீரால் இறக்கத்தான் முடியும், ஏற்ற முடியாது. அதனால் கடையில் கிண்ணம் பொறுக்கும்போது, வேண்டிய சுரத்தைவிடச் சற்று மேலே பேசும் கிண்ணத்தையே எடுக்க வேண்டும். இன்னொன்று, கிண்ணத்தில் முதல் பாதி நிறையும் வரை சுருதியில் பெரிய மாற்றம் தெரியாது. விளிம்பை நெருங்க நெருங்க அரை ஸ்பூன் தண்ணீர்கூடப் பேசும். நான் ஊசி கழற்றிய சிரிஞ்சு ஒன்று வைத்திருக்கிறேன். சொட்டுச் சொட்டாக விடவும் உறிஞ்சி எடுக்கவும் அதைப்போல் வேறு சாமான் கிடையாது.

எத்தனை கிண்ணம் வேணும்? ஜலதரங்கம்னு செட்டா விக்குமா?

தண்ணீர் ஊற்றிய பீங்கான் கிண்ணங்களைக் குச்சியால் தட்டி வாசிப்பதுதான் ஜலதரங்கம். முழுக் கச்சேரிக்கு 16லிருந்து 22 வரை வைப்பார்கள். பெரியது இடது கை ஓரத்தில் தொடங்கி, அரை வட்டமாகச் சிறியதில் முடியும். சினிமாப் பாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு இருந்தாலே போதும். பெரும்பாலான பல்லவி ஒரு ஸ்தாயிக்குள், அதாவது ‘ஸ’விலிருந்து மேல் ‘ஸ’வுக்குள், அடங்கிவிடும், அனுபல்லவி அல்லது சரணத்தில்தான் மேலே ஏறும்.

செட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். விளக்குத்தூண் பக்கம் பாத்திரக் கடைகளில் பீங்கான் கிண்ணம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வாங்கினேன். மூங்கில் குச்சி கையோடு கொண்டுபோனேன். கடைக்காரர் முதல் நாள் முறைத்தார். மூன்றாம் நாள் அவரே உள்ளேயிருந்து பழைய சரக்கை எடுத்து வந்து, “இது என்ன சுரம் தம்பி?” என்று கேட்டார். கோடு விழுந்த கிண்ணம் ‘டொக்’ என்று செத்த சத்தம் தரும், கண்ணுக்குக் கோடு தெரியாவிட்டாலும் காது காட்டிக்கொடுத்துவிடும்.

கச்சேரி பாதியிலேயே சுருதி ஓடிப்போகுதே, ஏன்?

கிண்ணம் என்றால் முதல் சந்தேகம் மின்விசிறி மேல். விளிம்பு வரை நிறைத்த கிண்ணத்தில் தண்ணீர் கொஞ்சம் ஆவியானாலும், தட்டும்போது தெறித்தாலும் சுருதி ஏறிவிடும். மேலே சொன்ன அதே கணக்கு. அரை மணிக்கு ஒருமுறை சிரிஞ்சோடு ஒரு சுற்று வரவேண்டும்.

குழாய் என்றால் குற்றவாளி வெயில். காற்று சூடானால் அதில் ஒலி வேகமாகப் போகும், குழாயின் சுருதி ஏறும். பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் அரைச் சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். சித்திரை மாதம் பகல் மூன்று மணிக்கு ஒத்திகை பார்த்து, ராத்திரி பதினோரு மணிக்கு மேடை ஏறினால், நேர் சுருதியில் நிற்கும் கீபோர்டுக்கும் குழாய்க்கும் ஒத்துப்போகவே போகாது. குழாய் வாசிக்கும் இடத்தில் கீபோர்டைத் தவிர்ப்பது நல்லது.

மூன்றாவது காரணம் மனிதர்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் பதினெட்டுக் கிண்ணத்தையும் சுருதி கூட்டி, துண்டு போர்த்தி, சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் ஆறு கிண்ணம் இல்லை. பரிமாறுகிற பையன்கள் பாயாசத்துக்குக் கிண்ணம் பற்றவில்லை என்று எடுத்துப் போய்விட்டார்கள். மேல் ஸ்தாயி ரிஷபத்தில் சேமியா மிதந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஒருவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று வாங்கி வந்தேன். அன்றிலிருந்து கிண்ணத்தோடு ஒரு ஆள் எப்போதும் இருப்பார்.

மானாமதுரை கடத்துல தாளம்தானே வரும், பாட்டும் வாசிக்கலாமா?

ஒரு கடத்துக்கு ஒரு சுருதி. அதனால்தான் கட வித்வான்கள் வெவ்வேறு சுருதியில் பல கடம் வைத்திருக்கிறார்கள். பாட்டு வாசிக்க வேண்டுமானால் சுரத்துக்கு ஒன்றாக வரிசை வைக்க வேண்டும். என்னிடம் ஐந்து இருக்கின்றன. ஐந்து சுர ராகத்தில் அமைந்த நாட்டுப்புற மெட்டுகளுக்கு அது போதும். வாய்ப் பக்கத்தை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் அடித்தால் கீழ்ச் சத்தம் ‘கும்’ என்று மாறும். அதை பேஸ் கிதாருக்குப் பதிலாக வைத்துக்கொள்வேன்.

மானாமதுரைக் கடம் கனம், சுவர் தடிமன், நாதம் கணீர் என்று வரும். விரல் பழகாதவர்களுக்கு முதல் வாரம் வலிக்கும். அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாங்கும்போது சுருதிப்பெட்டியோடு போங்கள். உள்ளே துளி மெழுகு ஒட்டிச் சுருதியைக் கொஞ்சம் இறக்கலாம், ஏற்ற முடியாது. கிண்ணத்துக்குச் சொன்ன விதியேதான் இங்கும்.

பிவிசி குழாய் எந்த அளவுல வெட்டணும்? செருப்பாலயா அடிக்கணும்?

ஆமாம், ரப்பர் ஹவாய் செருப்பால்தான். நல்ல செருப்பு, தேயாதது. குழாயின் வாயைச் செருப்பால் தட்டி உடனே எடுத்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் திறந்த குழாயில் சத்தத்தின் அலைநீளத்தில் பாதி அடங்கும். ஒரு கட்டைச் சுருதியின் ஆதார சட்ஜம் (‘ஸ’), 130.8 ஹெர்ட்ஸ், வேண்டுமென்றால், நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் கணக்குப்படி 133 செ.மீ. வருகிறது. காற்று குழாய் வாய்க்குச் சற்று வெளியேயும் சேர்ந்து அதிர்வதால் இரண்டு அங்குலக் குழாயில் சுமார் 130 செ.மீ. போதும். மேல் சட்ஜத்துக்கு ஏறத்தாழ பாதி, பஞ்சமத்துக்கு (‘ப’) மூன்றில் இரண்டு பங்கு. எப்போதும் இரண்டு செ.மீ. நீளமாக அறுத்து, தட்டிப் பார்த்து, அரம் போட்டுக் குறையுங்கள். குறைத்ததை ஒட்ட முடியாது.

செருப்பை வாயோடு ஒட்டியே வைத்துவிட்டால் ஒரு ஸ்தாயி கீழே போய்விடும், ஒரு பக்கம் மூடிய குழாய் ஆகிவிடுவதால். தெரியாமல் செய்தால் பிழை. தெரிந்து செய்தால் ஒரு குழாயில் இரண்டு சத்தம்.

எந்தப் பாட்டை எடுத்தாலும் எடுபடுமா?

எடுபடாது. என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் எழுபது சதம் பாட்டுப் பொறுக்குவதுதான், வாசிப்பு பிறகுதான். முதலில் வாத்தியத்தின் மூச்சு எவ்வளவு நீளம் என்று பாருங்கள். கிண்ணத்தைத் தட்டினால் ஓரிரு விநாடியில் சத்தம் மறைந்துவிடும். ‘ஆ…’ என்று எட்டு மாத்திரை இழுக்கும் பாட்டை அதில் வாசித்தால் நடுவில் பள்ளம் விழும். இரண்டு குச்சியால் மாற்றி மாற்றிச் சிணுங்கவிட்டு இழுக்கலாம்தான், ஆனால் ஒரு பாட்டில் இரண்டு இடத்துக்கு மேல் செய்தால் அலாரம் மாதிரி ஆகிவிடும்.

குழாயில் சத்தம் இன்னும் குட்டை. ‘தொப்’ என்று விழுந்து முடிந்துவிடும். குத்துப் பாட்டுக்கு அது கச்சிதம். ஆனால் குத்துப் பாட்டைக் குழாயில் வாசிப்பதை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நான் ஒரு பழைய காதல் மெலடியின் இடையிசையைக் குழாயில் மெதுவாக வாசிப்பேன். அது வரைக்கும் வயலின்களுக்குக் கீழே மறைந்து கிடந்த பேஸ் வரி தனியாக எழுந்து நடக்கும். முப்பது வருடம் கேட்ட பாட்டில் இப்படி ஒன்று இருந்ததா என்று பெரியவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த நிமிர்வுக்காகத்தான் இவ்வளவு பாடும். சோகப் பாட்டைக் கிண்ணத்தில் வாசித்தால் தாலாட்டாகிவிடும், அதுவும் எனக்குப் பிடிக்கும். வேகமான தெம்மாங்கைக் கிண்ணத்தில் வாசித்தால் ஐஸ் வண்டி மணிதான்.

என் பரீட்சை எளிது. அம்மா அடுப்படியில் இருக்கும்போது கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். பல்லவி முடிவதற்குள் அம்மா முணுமுணுக்கவில்லை என்றால் அந்தப் பாட்டு வேண்டாம். “அப்படியே ரேடியோல கேட்ட மாதிரி இருக்குடா” என்றாலும் வேண்டாம்.

கிண்ணத்துல கமகம் வராதே, அப்போ ராகம் என்ன ஆகும்?

கமகம் என்பது சுரத்தை நேராக நிறுத்தாமல் அசைத்துத் தருவது. வரும், கொஞ்சம். தட்டியவுடன் குச்சி முனையால் தண்ணீரை லேசாகத் தொட்டு அலசினால் சுரம் அசையும். ஜலதரங்க வித்வான்கள் இதை அழகாகச் செய்வார்கள். தோடி, சஹானா மாதிரி அசைவிலேயே வாழும் ராகங்களில் நான் கை வைப்பதில்லை. மோகனம், சுத்த சாவேரி மெட்டுகள் நேராக நிற்கும், அவை கிண்ணத்தில் தங்கும்.

பறையும் உருமியும் வச்சு கவர் பண்ணலாமா?

தாராளமாக. ஆனால் அவற்றை ‘வித்தியாசமான வாத்தியம்’ என்ற பட்டியலில் சேர்க்காதீர்கள். இந்த மண்ணில் அதுதான் பழகிய சத்தம். அலங்காநல்லூர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

உருமியில் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து வரும் முனகல் இருக்கிறதே, அதில் சுருதி ஏறி இறங்கும். ஒரு பாட்டின் முதல் இரண்டு சொல்லை அதிலேயே ‘பேச’ வைக்க முடியும். பறைத் தோலை மேடை ஏறும் முன் நெருப்பில் காய்ச்சுவார்கள், இறுகிச் சத்தம் ஏறும். மழைக்கால ராத்திரியில் சீக்கிரம் தளரும், மறுபடி காய்ச்ச நெருப்பு பக்கத்தில் இருக்க வேண்டும். மண்டபக்காரர்கள் நெருப்புக்கு ஒத்துக்கொள்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மீனாட்சி அம்மன் கோயில் இசைத்தூணைத் தட்டி ஒரு வீடியோ போட்டா வைரல் ஆகிடும்ல?

வேண்டாம். வடக்கு ஆடி வீதியில், மொட்டைக் கோபுரத்துக்கு அருகே ஐந்து இசைத்தூண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே கல்லில் செதுக்கிய 22 சிறு தூண்களின் கொத்து. வாத்தியம் என்று சொன்னால் இதைவிட ஆச்சரியமான வாத்தியம் ஏது? ஆனால் கண்டவர்களும் கல்லாலும் காசாலும் தட்டினால் கல் தேயும், விரியும். தேய்ந்த கல்லுக்குச் சுருதி கூட்ட என் சிரிஞ்சு உதவாது. தவிர, 2018ல் வந்த நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு கோயிலுக்குள் செல்போனே கொண்டுபோக முடியாது. நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கல்யாணத்துல வாசிச்சா யாருக்காவது ராயல்டி கட்டணுமா?

நான் வக்கீல் இல்லை, தொழிலுக்காகப் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆவது பிரிவு, உண்மையான மதச் சடங்கில் வாசிப்பதற்கு விலக்கு தருகிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய விழாக்களும் அதில் சேரும் என்று சட்டமே விளக்கம் சொல்கிறது. 2023ல் மத்திய அரசும் இதை நினைவூட்டி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. டிக்கெட் போட்டு நடத்தும் நிகழ்ச்சி, ஓட்டல் புத்தாண்டுக் கொண்டாட்டம் இவை வேறு. அங்கே உரிமம் வாங்குவது நிகழ்ச்சி நடத்துபவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வேன்.

சரி, பதிவு பண்ணி வெளியிடணும்னா? வரியை மாத்திக்கலாமா?

இங்கேதான் சிக்கல். 2012 திருத்தத்தில் வந்த 31சி பிரிவு கவர் பாட்டுக்கென்றே இருக்கிறது. முதல் ஒலிப்பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். உரிமையாளருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். பாட்டின் வரியையோ இசையையோ அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது, பதிவு செய்யத் தொழில்நுட்பரீதியாக அவசியமான மாற்றம் தவிர. நம்மைப் போன்றவர்களுக்கு மாற்றுவதுதானே வேலை? ஆகவே நேரடியாக உரிமையாளரிடம் எழுதிக் கேட்பதுதான் ஒழுங்கான வழி. கேலி வரி போட்டுப் பாடுகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

யூடியூப்ல போட்டேன், கிளைம் வந்துடுச்சு. சேனல் போயிடுமா?

கிளைம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. மெட்டை இயந்திரம் அடையாளம் கண்டால் கிளைம் வரும். பெரும்பாலும் விளம்பர வருமானம் மெட்டுக்காரருக்குப் போகும், வீடியோ இருக்கும். ஸ்ட்ரைக் வந்தால் வீடியோவை எடுத்துவிடுவார்கள், மூன்று சேர்ந்தால் சேனலுக்கு ஆபத்து. என் கிண்ண வீடியோ ஒன்றுக்குக் கிளைம் வந்தபோது, ஒரு வகையில் சந்தோஷப்பட்டேன். மெட்டு சுத்தமாக விழுந்திருக்கிறது என்று இயந்திரமே சான்றிதழ் கொடுத்த மாதிரி.

பாரதியார் பாட்டு யாருக்கும் சொந்தமில்லையே, அப்ப பயமில்லாம வாசிக்கலாம்ல?

வரி பொதுச்சொத்து. மெட்டு யாருடையது என்று பாருங்கள். 1904ல் நம் சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்த பாரதியின் கவிதையை, ஒரு சினிமாவுக்காக ஒருவர் மெட்டமைத்திருந்தால் அந்த மெட்டுக்குத் தனி உரிமை உண்டு. நாம் வாத்தியத்தில் வாசிப்பது மெட்டைத்தானே, வரியை இல்லையே! ஆக, பாரதி பெயர் நமக்குக் கவசம் ஆகாது. சொந்தமாக மெட்டுப் போட்டால் தொல்லையில்லை.

மெட்டுக்கு உரிமை, அமைத்தவர் காலமாகி 60 ஆண்டு வரை. பாபநாசம் சிவன் 1973ல் மறைந்தார், அவர் மெட்டுகளுக்கு 2033 முடியும் வரை உரிமை இருக்கும். ஒலிப்பதிவுக்குக் கணக்கு வேறு, வெளியானதிலிருந்து 60 ஆண்டு. பழைய பதிவின் உரிமை முடிந்திருக்கலாம், மெட்டின் உரிமை முடியாமல் இருக்கலாம். முதல் கேள்வியில் கவரையும் ரீமிக்ஸையும் பிரித்தது இதற்காகத்தான்.

எங்க பாட்டு வாத்தியார் இதெல்லாம் கேலிக்கூத்துன்னு சொல்றார். என்ன பதில் சொல்ல?

பதில் சொல்லாதீர்கள், அவரிடம் ஒழுங்காகப் பாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். சுரம் தெரியாமல் கிண்ணத்தைத் தட்டினால் அவர் சொன்னது சரியாகிவிடும். மனசுக்கு வேண்டுமானால் ஒன்று நினைத்துக்கொள்ளுங்கள். கமகம் பேசாது என்று அகில இந்திய வானொலி 1940ல் ஆர்மோனியத்தை ஒதுக்கிவைத்தது, 1971ல்தான் கதவைத் திறந்தது. அந்த முப்பது வருடமும் நம் பக்கத்து நாடக மேடையில் ஆர்மோனியக்காரர்தான் ராஜா. வள்ளி திருமணம் நடந்த ஊரெல்லாம் விடிய விடிய அவர் கையை நம்பித்தான் இருந்தது.

எங்க பையனை அனுப்பலாமாண்ணே? என்ன கொண்டு வரணும்?

ஞாயிறு காலை பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன், எட்டு வயதுக்கு மேல். கிண்ணம் என்னிடம் இருக்கிறது. கொண்டுவர வேண்டியது இரண்டு துண்டு, ஒரு ஜோடி ஹவாய் செருப்பு. வீட்டுக்கு நடந்து போக வேறு செருப்பு போட்டு வரச் சொல்லுங்கள். போன மாதம் மூன்று பேர் வெறுங்காலோடு வெயிலில் தத்தித் தத்திப் போனார்கள்.